காவிரித் தூண்டில்

தூண்டில் என்னும் சொல்லைத் தூண்டு என்னும் வினையோடு சேர்த்து எண்ணிப் பார்ப்பதில் தமிழ் மாணவர்க்குத் தனியொரு சுவை உண்டு. வலை மீனை வளைக்கிறது. பறி மீனை அடைக்கிறது. தூண்டிலோ மீனின் ஆசையைத் தூண்டி, அது தன் வாயாலேயே வந்து அகப்படுமாறு செய்கிறது. சூதாடி ஒருமுறை பெறும் வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டிற் பொன்னுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அங்கே பொன் என்பது இரும்பைக் குறிக்கும் என்று உரை சொல்லும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். தங்கத்தை யார் தூண்டிலில் மாட்டுவார் என்று கேட்கும் மாணவர் ஆண்டுக்கு ஒருவரேனும் உண்டு.

இரையே இல்லாமல் மீனைத் தூண்டும் தூண்டிலும் உண்டென்பதை நான் அறிந்தது நூலகத்தில் அன்று, காவிரிக் கரையில். 2008ஆம் ஆண்டு, வளைகுடாவில் பொறியாளராயிருந்த கல்லூரித் தோழர் ஒருவர் விடுமுறையில் வந்து, கர்நாடகத்தில் காவிரி காட்டினூடே ஓடும் காலிபோர் என்னுமிடத்திற்கு என்னை அழைத்துச் சென்றார். மகசீர் என்னும் பெருமீனைப் பிடித்து, எடை பார்த்து, மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிடும் விளையாட்டு அங்கே அப்போது நடைபெற்று வந்தது. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், நம் குளத்துக் கெண்டையை மனத்தில் வைத்துக்கொண்டு அதனை எண்ணலாகாது. 1946ஆம் ஆண்டு கபினி ஆற்றில் மைசூர் வான் இங்கன் குடும்பத்தார் ஒருவர் பிடித்த மகசீரின் எடை 120 பவுண்டு. ஏறத்தாழ 54 கிலோ.

தோழர் கொண்டுவந்தது இறகுத் தூண்டில். சிறு கொக்கியில் இறகையும் நூலையும் கட்டிப் பூச்சி போலவோ மீன்குஞ்சு போலவோ தோன்றச் செய்வர். அதற்கு எடை என்பதே இல்லை. ஆகவே அதனைக் கல் எறிவதுபோல் எறிய இயலாது. கனமெல்லாம் தடித்த நூலில்தான். அந்நூலைக் கோலால் பின்னும் முன்னும் வீசி, காற்றில் நீளச் செய்து, அதன் வேகத்தால் இறகை நீர்மேல் மெல்ல இறக்குவர். ஆங்கிலேயர் தம் நாட்டுக் குளிர்நீர் மீனாகிய டிரவுட்டுக்காக வளர்த்த கலை இது. நீலகிரி ஓடைகளுக்கு அம்மீனையே கொண்டுவந்து விட்டவர்கள், வெப்ப நிலத்து ஆறுகளில் மகசீரைக் கண்டதும் வியந்துபோயினர். சென்னை மாகாண அரசுப் பணியிலிருந்த தாமஸ் என்பார் 1873இலேயே இந்தியத் தூண்டிற்கலை பற்றித் தனி நூல் எழுதி வெளியிட்டார்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஆற்றோர ஊரினர், ஐம்பதைக் கடந்தவர், கன்னடம் கலந்த தமிழ் பேசினார். இளமையில் வெடி வைத்து மீன் பிடித்தவர் என்பதைத் தாமே மறைக்காமல் சொன்னார். தோழரின் இறகைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பசிச்சா அது ராகி தின்னும் சார், இறகைத் தின்னுமா?" என்று சிரித்தார். கேழ்வரகு மாவைப் பிசைந்து வேகவைத்து, எலுமிச்சம்பழ அளவில் உருட்டிக் கொக்கியில் பொதிவதே அவர் முறை. அவருடைய புலமை அத்துடன் நிற்கவில்லை. நீருக்கடியில் பாறை எங்கே, பள்ளம் எங்கே, வெயில் ஏறினால் மீன் எந்த நிழலுக்கு ஒதுங்கும் என்பனவெல்லாம் அவருக்குத் தம் வீட்டுத் திண்ணைபோல் தெரிந்திருந்தன. சுற்றும் பரிசலில் நின்றபடியே ஆற்றை அவர் வாசித்ததைக் கண்டபோது, ஓலைச்சுவடி வாசித்த பழைய ஆசிரியர்கள் என் நினைவுக்கு வந்தனர்.

மாலையில் தோழரின் இறகுக்கும் ஒரு சிறு மகசீர் வசப்பட்டது. வழிகாட்டியார் அதற்குமேல் இறகைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. என் தூண்டிலில் சிக்கிய மீன் ஆறு கிலோ. அதன் வாயருகே விரலைக் கொண்டுசென்ற என்னை, "கை வைக்காதீங்க சார், பல்லு தொண்டையில இருக்கு" என்று தடுத்தார். நண்டையும் சிப்பியையும் நொறுக்கும் பற்கள் அவை. பிறகு மீனின் தலை நீரோட்டத்தை எதிர்நோக்கியிருக்குமாறு இரு கைகளாலும் தாங்கி, மூச்சு சீரடையும்வரை காத்திருந்து விட்டார். பிள்ளையைக் குளிப்பாட்டும் தாயின் பொறுமை அதில் இருந்தது.

ஊர் திரும்பி இதனைச் சொன்னபோது, ஆலிமாகிய என் தாய்மாமா மகிழவில்லை. "தின்னப் பிடி மருமகனே, ஹலால். விளையாட்டுக்கு ஒரு வாயைக் கிழிப்பானேன்?" என்றார். உயிருள்ள எதனையும் விளையாட்டுக்குரிய இலக்காக ஆக்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததை நினைவூட்டினார். வெடி வைத்தவர் காவலராக மாறியதும், மீன் உயிரோடு இருந்தால்தான் கூலி என்னும் நிலை ஆற்றுக்கே அரணாயிருந்ததும் நான் சொன்ன மறுமொழிகள். தராசின் தட்டு மாமாவின் பக்கமே சற்றுத் தாழ்கிறது என்று இன்றும் கருதுகிறேன். அதன்பின் நான் தூண்டிலை ஏந்தவில்லை.

ஆயினும் செய்தி அவ்வளவு எளிதாக முடிந்துவிடவில்லை. வனவிலங்குச் சட்டத்தின்படி சரணாலயத்தில் தூண்டில் விளையாட்டு கூடாதென முடிவாகி, 2012ஆம் ஆண்டோடு அது நின்றது. பிடித்த மீனையெல்லாம் எடைபோட்டு எழுதிவைத்த காலிபோர் குறிப்பேடுகள் மட்டும் எஞ்சின. 1998 முதல் 2012 வரையில் பிடித்து விடப்பட்ட 6,000க்கும் மேற்பட்ட மீன்களின் கணக்கை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோது, மீன்களின் எண்ணிக்கை ஏறியிருந்தது. சராசரி எடையோ இறங்கியிருந்தது. காரணம் வேதனைக்குரியது. நன்மை கருதி, மராட்டிய மாநிலத்து லோனாவாலாவில் செயற்கையாகப் பொரிக்கப்பட்ட நீலத்துடுப்பு மகசீரின் குஞ்சுகளைப் பல ஆண்டுகள் காவிரியில் விட்டிருந்தனர். அவை பெருகின. காவிரிக்கே உரிய கூன்முதுகு மகசீர் அருகியது. பொழுதுபோக்குக்காக எழுதப்பட்ட ஏடுகளே ஒரு பேரினத்தின் தேய்வுக்குச் சான்றாயின. இப்படியொரு சான்று நம் ஆறுகளின் வேறெந்த மீனுக்கு இருக்கிறது?

இதனினும் வியப்பு, அக்கூன்முதுகு மீனுக்கு உறுதியான அறிவியற்பெயர் நெடுங்காலம் இல்லை என்பது. கேரளத்துப் பாம்பாற்றில் கண்ட மீனுக்கு 2007இல் 'டோர் ரெமாதேவி' எனப் பெயர் சூட்டப்பட்டது. பாம்பாறு நம் அமராவதியில் கலப்பது. காவிரியின் கூன்முதுகும் அதே இனமே என 2018இல்தான் தெளிவாயிற்று. உலகத்தார் தேடிவந்த மீனுக்குப் பெயர் தெரிந்த அவ்வாண்டிலேயே, அது அற்றுப்போகும் பேரிடரிலுள்ள இனமென்றும் பட்டியலிடப்பட்டது. நம் மாநிலத்து மோயாற்றில் அது இன்னும் வாழ்கிறது.

2019இல் மாணவர்களோடு ஒகேனக்கல் சென்றபோது, விசாரித்து அவ்வழிகாட்டியாரைக் கண்டேன். வாழைத்தோட்டத்தில் தார் சுமக்கும் வேலை. பெரிய மீனைப் பார்த்துப் பல ஆண்டுகள் ஆயின என்றார். பெயர் கிடைத்த செய்தியைச் சொன்னேன்.

"ரெமாதேவியா?" என்று இருமுறை கேட்டார். "பொண்ணு பேரு! இத்தனை வருஷம் ஆம்பளைன்னு நெனச்சு மல்லுக்கட்டினேனே சார்." பிறகு சிரிப்பை நிறுத்தி, "பேரு வச்சவங்க அதைக் கையில ஏந்தியிருக்காங்களா?" என்று கேட்டார்.