நுவரெலியாவில் சாப்பாட்டுச் செலவு

ஏப்ரல் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு நுவரெலியா போகிறீர்களா? அறை வாடகையில் பேரம் பேசி மிச்சம் பிடித்ததைச் சாப்பாட்டு மேசையில் விட்டுவிடாதீர்கள். ஹோட்டல் உணவுப் பட்டியலில் உள்ள விலையோடு 10 வீத சேவைக் கட்டணமும், 2024 ஜனவரியிலிருந்து 18 வீத வற் வரியும் சேர்வதுண்டு. முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவுக்குப் பயந்து அடுப்பும் சட்டியும் தூக்கிச் செல்வோர் இருக்கிறார்கள். வேண்டாம், உம்மாவுக்கும் அது விடுமுறைதானே! காலைச் சாப்பாட்டோடு அறை எடுங்கள். பகலுக்கு டவுனில் முஸ்லிம் கடையொன்றில் சோற்றுப் பார்சல் வாங்குங்கள். சின்னப் பிள்ளைகள் இருவருக்கு ஒரு பார்சல் தாராளம். 1,868 மீற்றர் உயரத்துக் குளிரில் அவர்களுக்கு அடிக்கடி பசிக்கும். பாணும் பிஸ்கட்டும் கைவசம் இருக்கட்டும். அறையில் கேத்தல் இல்லாவிட்டால் பிளாஸ்க்கைக் கொடுத்துச் சுடுதண்ணீர் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.