அனுப்பிய கதை முழுதாய் வந்து சேர

பிஎச்பி தளம் ஒன்றில் எடிட்டரைப் பொருத்துவது சிறிய வேலை. படிவத்தில் ஒரு டெக்ஸ்ட்ஏரியா இருக்கும். எடிட்டரின் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை இணைத்து அந்தப் பெட்டியைச் சுட்டிக்காட்டினால், தடித்த எழுத்து, சாய்வெழுத்து, பட்டியல், படம் எனப் பொத்தான் வரிசையோடு திரையில் வந்துவிடும். ஒரு சிற்றிதழுக்கு இப்படித்தான் தளம் அமைத்தேன். எழுத்தாளர்கள் தங்கள் படைப்பை அதில் எழுதியோ ஒட்டியோ அனுப்புவார்கள். ஆசிரியர் படித்துத் திருத்தி வெளியிடுவார். பொத்தான்களைப் பற்றி ஒருவரும் குறை சொன்னதில்லை. வந்த குறைகளெல்லாம், 'சமர்ப்பி' என்று அழுத்திய பிறகு எழுத்துக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பற்றியவை.

எந்த எடிட்டர் என்பது பெரிய கேள்வி இல்லை. 2003இல் எஃப்சிகேஎடிட்டர் என்ற பெயரில் தொடங்கிய சிகேஎடிட்டரும் 2004இல் வந்த டைனிஎம்சிஇயும் நெடுநாள் நின்ற கருவிகள். உரிமத்தையும் ஆதரவுக் காலத்தையும் பார்த்துக்கொண்டால் போதும். சிகேஎடிட்டர் 4ஆம் பதிப்பின் இலவச ஆதரவு 2023 ஜூனில் முடிந்தது. டைனிஎம்சிஇ 2024இல் வந்த 7ஆம் பதிப்பில் ஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது. எதை எடுத்தாலும் பிஎச்பியின் கைக்கு வந்து சேர்வது எச்டிஎம்எல் குறிகள் கலந்த ஒரு நீண்ட எழுத்துச் சரம். எழுதியவரின் உழைப்பு முழுவதும் அந்தச் சரத்தில்தான் இருக்கிறது.

முதலில் அறுபட்டது ஒரு நெடுங்கதை. "கதை நல்லாத்தான் போகுது, ஆனா பாதி வாக்கியத்துல நிக்குதே. இப்படித்தான் அனுப்பியிருக்காரா?" என்று ஆசிரியர் கேட்டார். எழுதியவரை அழைத்தால், கடைசிப் பக்கங்கள் எங்கே என்று அவர் எங்களைக் கேட்கிறார். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் படைப்பு சேரும் இடம் 'டெக்ஸ்ட்' வகையில் இருந்தது. அந்த வகையின் கொள்ளளவு 65,535 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் என்பதால் 10,000 சொல் கட்டுரைகூட ஏறக்குறைய அதில் அடங்கிவிடும். யுடிஎஃப்-8இல் தமிழுக்கு ஒவ்வொரு குறியும் 3 பைட். நம் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் 'கு' உள்ளே ககரமும் உகரக் குறியுமாக இரண்டு குறிகள். 'இருக்கிறது' என்ற ஒரு சொல்லுக்கு 30 பைட் ஆகிறது. ஆக, 2,500 சொற்களை ஒட்டி இடம் நிரம்பிவிடும். மைஎஸ்க்யூஎல் 5.7 பதிப்பிலிருந்து, இயல்பான அமைப்பில், நீளம் மிஞ்சினால் பிழை என்று மறுத்துவிடுகிறது. அதற்கு முந்தைய பதிப்புகள் மிஞ்சியதை வெட்டி எறிந்துவிட்டு, சேமித்தாயிற்று என்றே சொல்லும். எங்கள் சர்வரில் இருந்தது பழைய பதிப்பு.

எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. இடமில்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் வேறு வழி பார்த்திருப்போம். ஒரு மனிதர் மாதக்கணக்கில் எழுதிய கதையின் முடிவை ஓசையில்லாமல் நறுக்கிப்போடுவதை நான் தொழில்நுட்பக் குறை என்று மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டேன். 'மீடியம்டெக்ஸ்ட்' வகைக்கு மாற்றினால் 16 மெகாபைட் வரை இடம் உண்டு. மாற்றுவதற்கு ஒரே வரிக் கட்டளை.

அடுத்தது இதைவிட வலித்தது. ஓர் அம்மா, எழுபது வயதைத் தாண்டியவர், நேராக எங்கள் தளத்திலேயே தட்டச்சு செய்பவர். தம் மாமியார் வீட்டு நாட்களைப் பற்றி ஒரு பிற்பகல் முழுக்க எழுதிவிட்டு அனுப்பினார். திரையில் வந்தது நுழைவுப் பக்கம். எழுதியது எதுவும் இல்லை. பிஎச்பியின் செஷன் தகவல் இயல்பாக 1,440 நொடிவரைதான் காக்கப்படும் என்பதற்கு உறுதி உண்டு. அதாவது 24 நிமிடம். அதற்குள் சர்வருக்கு ஒரு கோரிக்கையும் போகவில்லை என்றால், ஆள் போய்விட்டார் என்று அது எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எழுதுகிறவர் எழுதிக்கொண்டேதான் இருக்கிறார். "மறுபடி எழுதுங்கம்மா, இனி இப்படி ஆகாது" என்றேன். "எழுதலாம் தம்பி. அது வேற ஒண்ணாத்தான் வரும்" என்றார்.

அன்றிரவே தானாகச் சேமிக்கும் வசதியைச் செய்யத் தொடங்கினேன். எடிட்டரில் மாற்றம் நிகழும்போதெல்லாம் ஒரு பிரதி பிரௌசரின் உள்சேமிப்பில். அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பிரதி சர்வரில் வரைவாக. அந்தக் கோரிக்கையே செஷனையும் உயிரோடு வைத்திருக்கும். சர்வர் சேமித்ததாகப் பதில் சொல்லும்வரை பிரௌசர் பிரதியை அழிக்கக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொண்டேன். எடிட்டருக்குள் படத்தை நேரடியாக ஒட்டுவதையும் அப்போதே நிறுத்தினேன். ஒட்டிய படம் பேஸ்64 எழுத்துகளாக மாறி மூன்றில் ஒரு பங்கு பெருத்து உரையோடு கலந்து வரும். மொத்தம் பிஎச்பியின் இயல்பு எல்லையான 8 மெகாபைட்டைத் தாண்டினால், படத்தோடு கட்டுரையும் சேர்ந்து போய்விடும். பிஎச்பிக்குக் கிடைப்பது வெற்றுப் படிவம். படத்துக்குத் தனி வழி இருக்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எடிட்டரில் ஸ்கிரிப்ட் எழுதப் பொத்தான் இல்லை என்பது எந்தக் காப்பும் ஆகாது. எடிட்டரைத் திறக்காமலேயே யாரும் எதையும் அந்த முகவரிக்கு அனுப்ப முடியும். வந்ததை ஆசிரியர் திறந்ததும், உள்ளே ஒளிந்திருக்கும் ஸ்கிரிப்ட் ஆசிரியரின் அதிகாரத்தோடு ஓடும். 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் தளத்தில் சேமி காம்கர் என்ற இளைஞர் தம் பக்கத்தில் வைத்த கோட், ஒரு நாளுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் தன்னைத் தானே ஒட்டிக்கொண்டது. அந்தத் தளத்திலும் வடிகட்டி இருந்தது. தடைசெய்த சொல்லை இரண்டு வரியாக உடைத்து எழுதியே அதைக் கடந்தார். பிஎச்பியில் பலர் நம்பும் 'ஸ்ட்ரிப்_டேக்ஸ்' இந்த வேலைக்கு ஆகாது. அனுமதித்த குறிக்குள் இருக்கும் பண்புகளை அது தொடுவதே இல்லை; பத்திக் குறியை அனுமதித்தால், சுட்டி பட்டதும் ஓடும் ஸ்கிரிப்டும் அதற்குள் அமர்ந்து வந்துவிடும். எட்வர்ட் யாங் எழுதிய எச்டிஎம்எல் பியூரிஃபையர், எவை வரலாம் என்ற பட்டியலை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நீக்குகிறது. அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

ஆனால் சுத்தம் செய்வதிலும் எழுத்து சேதப்படும் என்பதை பாமினி என்ற எழுத்துரு எனக்குச் சொல்லிக்கொடுத்தது. எங்களுக்கு வருவதில் ஒரு பகுதி யூனிகோடில் இராது. மூத்தவர்கள் பலர் டிடிபி நிலையத்தில் பாமினியிலோ வானவில்லிலோ அடித்த வேர்ட் கோப்புகளை வைத்திருப்பவர்கள். பாமினியில் 'தமிழ்' என்று கண்ணுக்குத் தெரிவது, கணினிக்குள் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். அது தமிழ் என்பதற்கு இருக்கும் ஒரே சான்று, கூட வரும் எழுத்துருப் பெயர். வேர்டிலிருந்து ஒட்டும்போது வரும் குப்பையை நீக்கும் எடிட்டர் அந்தப் பெயரையும் சேர்த்து நீக்கிவிடும். அதன்பின் மிஞ்சும் ஆங்கில எழுத்துக் குவியலில், கதைக்குள் உண்மையிலேயே ஆங்கிலமாக வந்த சொல் எது, பாமினி எது என்று பிரித்தறிவது பெரும்பாடு.

எனவே வரிசை முக்கியம். ஒட்டிய கணத்தில், எடிட்டரின் வடிகட்டி தொடுவதற்கு முன்பே எழுத்துருப் பெயரைப் பார்த்து யூனிகோடாக்க வேண்டும், பிறகுதான் சுத்தம். ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்து என்று மாற்றினாலும் போதாது. பாமினியில் 'கொ' என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று கண்ணில் படும் வரிசையில் கிடக்கிறது. யூனிகோடில் ககரம் முதலில் வர வேண்டும். மாற்றி முடித்ததும் பிஎச்பியின் நார்மலைஸர் வழியாக ஒருமுறை அனுப்புகிறேன். 'ஒகரக் குறி' ஒற்றைக் குறியாகவும் வரலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுபோல இருந்தாலும் தேடும்போது கிடைக்காது.

இதன் பிறகு டேட்டாபேஸில் ஒவ்வொரு படைப்புக்கும் இரண்டு இடம் வைத்தேன். ஒன்றில் சர்வருக்கு வந்தது வந்தபடி. அதை யாரும் தொட முடியாது, வாசகருக்குக் காட்டுவதும் இல்லை. இன்னொன்றில் சுத்தம் செய்த பிரதி. சுத்தம் செய்யும் விதியில் பிழை தெரிந்தால், விதியைத் திருத்தி மூலத்திலிருந்து மீண்டும் பிரதி எடுக்கலாம். இடம் இரட்டிப்பாகும் என்று தயங்க வேண்டாம். எழுத்து எடுத்துக்கொள்ளும் இடம், ஒரு கைப்பேசிப் புகைப்படத்தின் முன் ஒன்றுமே இல்லை.

கவிஞர்களுக்கு வேறு சிக்கல். எண்டர் தட்டினால் எடிட்டர் புதிய பத்தி தொடங்கும். கவிதையின் ஒவ்வொரு வரியும் தனிப் பத்தியாகி விலகி நிற்கும். வரியின் தொடக்கத்தில் கவிஞர் விட்ட இடைவெளியும் காணாமல் போகும். ஷிஃப்டும் எண்டரும் சேர்த்துத் தட்டுங்கள் என்று கவிஞர்களிடம் சொல்வது முறையல்ல. 'கவிதை' என்று ஒரு பொத்தான் வைத்து, அதற்குள் இடைவெளியும் வரி முறிவும் இட்டபடியே நிற்குமாறு செய்தேன். நிறம், எழுத்துரு, எழுத்தளவு ஆகிய பொத்தான்களை எடுத்துவிட்டேன். அவை இதழின் வடிவமைப்பாளர் முடிவு செய்ய வேண்டியவை.

முகப்பில் காட்டும் சுருக்கத்தையும் கவனியுங்கள். 'சப்ஸ்டர்' பைட்டை எண்ணி வெட்டும். தமிழ் எழுத்தின் நடுவில் வெட்டு விழுந்தால், பிஎச்பி 8.1க்கு முந்தைய பதிப்புகளில் 'எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ்' இயல்பாகத் திருப்பித் தருவது வெற்றுச் சரம். சில கதைகளுக்கு மட்டும் சுருக்கம் வெறுமையாக இருந்ததன் காரணம் அதுதான். 'கிராஃபீம்_சப்ஸ்டர்' மெய்யையும் உயிர்க்குறியையும் பிரிக்காமல் வெட்டும்.

தமிழ் இதழ் ஒன்றின் தளத்தைப் பிஎச்பியில் பராமரிப்பவர் நீங்கள் என்றால், படைப்பு சேரும் இடம் எந்த வகை என்று இன்றே பாருங்கள். 'டெக்ஸ்ட்' என்று இருந்தால் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன், ஏற்கெனவே உள்ளவற்றில் 65,533 பைட்டும் அதற்கு மேலும் நீளமுள்ளவை எவை என்று ஒரு பட்டியல் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் அநேகமாக எல்லாமே முடிவு அறுபட்டவையாக இருக்கும். எழுதியவரை அழைத்து, அவரிடம் பிரதி இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.