காரீயமும் வயலினும்

பென்சிலுக்குள் இருக்கும் காரீயத்தை ஒருவர் அரை நூற்றாண்டு காலம் ஆராய்ந்தார் என்றால் நம்மவரிற் பலர் நகைப்பர். போகலையில் அதனை வெட்டியெடுத்துக் கப்பலேற்றும் நாட்டவர் நாம். அதற்குள் என்ன இருக்கிறதென்று கேட்பதை மற்றவர்க்கு விட்டுவிட்டோம். கேட்டவர்களுள் ஒருவர் மில்ட்ரெட் டிரெசெல்ஹவுஸ்.

1930இல் நியூயோர்க்கில், குடியேறி வந்த வறிய யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். உதவிப் பணத்தாற் கிடைத்த வயலின் வகுப்பே, தம் தெருவுக்கு அப்பாலும் ஓர் உலகம் உண்டென்று அவருக்குக் காட்டியது. ஆசிரியை, தாதி, காரியதரிசி: அவர் போன்ற பெண்களுக்கு அன்று திறந்திருந்த வழிகள் இவ்வளவே. அவரும் ஆசிரியையாகவே எண்ணியிருந்தார். ஹன்டர் கல்லூரியில் அவருக்குக் கற்பித்த ரோசலின் யாலோதான் (1977இல் நோபல் பரிசு பெற்றவர்) பௌதிகத்தின் பக்கம் திருப்பினார்.

1958இல் சிக்காகோவிற் கலாநிதிப் பட்டம். 1960இலிருந்து லிங்கன் ஆய்வுகூடம். அதற்கிடையில் நான்கு குழந்தைகள். எட்டு மணிக்கு வரவேண்டியவர் எட்டரைக்கு வருகிறார் என்று மேலதிகாரிகள் குறைகூறினர். காபனை அவர் தெரிந்தெடுத்ததற்கும் இவ்வாழ்க்கையே ஒரு காரணம். அத்துறையில் அன்று ஆட்கள் குறைவு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் போனாலும் போட்டியிற் பின்தங்க நேராது.

பொறியியல் மாணவருக்குத் திண்மப் பௌதிகம் கற்பிக்க 1967இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்துக்குச் சென்றவர், அடுத்த ஆண்டே அங்கு நிரந்தரப் பேராசிரியையானார். 1992இல் அவரும் சகாக்களும் காபன் நனோக்குழாயைக் கணித்த விதம் வியப்புக்குரியது. ஓரணுத் தடிப்புள்ள காபன் தாளைப் பாயைப் போலச் சுருட்டுவதாக எண்ணிக் கொள்ளுங்கள். நேராகச் சுருட்டுகிறோமா, சரிவாகவா, எவ்வளவு அகலத்துக்கு என்பதைப் பொறுத்து அக்குழாய் உலோகம் போலவோ குறைகடத்தியாகவோ நடந்துகொள்ளும். பொருள் ஒன்றே, குணம் வேறு. குழாயின் விட்டமோ மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவினது.

வயலினை அவர் கைவிடவில்லை. வீட்டிற் பிள்ளைகளோடும் நண்பர்களோடும் கூடி வாசித்தார். 2017இல் மறையும்வரை ஆய்வையும் விடவில்லை. இதற்கெல்லாம் நேரம் எங்கிருந்து வந்தது? பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் நெடுங்காலம் அவ்வீட்டில் வேலை செய்தாள். அவளுடைய உழைப்பையும் இந்த விஞ்ஞானக் கணக்கிற் சேர்த்தல் வேண்டும் என்பேன்.

கணிதத்திற் கெட்டிக்காரியான என் மாணவி ஒருத்தியைக் கலைப்பிரிவில் விடும்படி தந்தையார் கேட்டு வந்தார். “என்ஜினியரிங் பொம்பிளைப் பிள்ளைக்குச் சரிவராது மாஸ்டர். ரீச்சிங் எண்டால் ஒண்டரைக்கே வீட்டை வந்திடலாம்” என்றார். ஒன்றரைக்கு வந்து அவள் என்ன செய்வாள் என்று கேட்டேன். சமைப்பாள் என்றார், அதைச் சொல்ல அவருக்குச் சற்றும் தயக்கமில்லை. விண்ணப்பப் படிவத்தில் நான் கணிதப் பிரிவு என்றே எழுதிக் கொடுத்தேன். அவர் இன்னும் கையொப்பமிடவில்லை.