நாலு வினாடி

ரிச்சி தெருவில் மாடி ஏறினால் சத்தம் பாதியாகக் குறைந்துவிடும். கீழே கேபிள், சார்ஜர், சிசிடிவி கேமரா என்று ஒரே கூவல். மேலே சின்ன அறை, நீள மேசை, வளைகழுத்து விளக்கு, மல்டிமீட்டர், முடி தேய்ந்த ஒரு பல் பிரஷ். ஆயுத பூஜை முடிந்த வாரம் என்பதால் சுவரோரம் அடுக்கிய பழைய மானிட்டர்களில் சந்தனப் பொட்டு இன்னும் இருக்கிறது. மேசைக்குப் பின்னால் நாற்பதைத் தாண்டிய மெக்கானிக். பக்கத்தில் தொழில் பழகும் பையன்.

ஓர் அம்மா அரக்கோணத்திலிருந்து வந்திருக்கிறார். சிபியுவைப் பழைய புடவையில் சுற்றிக் கட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். “ரயில்ல மடியிலயே வச்சுக்கிட்டு வந்தேன் தம்பி. கீழ வச்சா அதிருமோன்னு.” தாலுகா ஆபீஸ் பக்கத்தில் மனு டைப் அடிக்கும் கடை அவருடையது. ஊரில் பார்த்தவர் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்த்தாராம். அப்போதும் ஓடி ஓடி நின்றதால் போர்டு போய்விட்டது என்று சொல்லிவிட்டாராம். போர்டு, புராசசர், ராம் மூன்றும் புதிதாகப் போட வேண்டுமாம்.

பணம் மட்டும் அவர் கவலை இல்லை. பெட்டிக்குள் விண்டோஸ் 7, பேஜ்மேக்கர், வானவில் எழுத்துரு. யூனிகோடு வருவதற்கு முன் அரசு அலுவலகங்களிலேயே வானவில்தான் ஓடியது. அதில் அடித்த பட்டா மனு, வாரிசுச் சான்று மனு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் உள்ளே இருக்கின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. புது செட்டில் விண்டோஸ் 7 ஒழுங்காக ஏறாது. அவர் கைக்குப் பழகிய மொத்தக் கடையும் அந்தப் பெட்டியோடு நின்றுபோகும்.

மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை. முதலில் கேட்கிறார்.

“எப்பத்துலேர்ந்து இப்படி அக்கா?”

“பூஜைக்கு ரெண்டு நாள் லீவு. மூணாம் நாள் கடை தொறந்தேன். போட்டா ஓடுது, உடனே நின்னுடுது.”

“இடி மின்னல்? கரெண்ட் வந்து வந்து போச்சா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லயே.”

பக்கத் தகட்டைக் கழற்றுகிறார். பையன் பெட்டியை வராந்தாவுக்குத் தூக்கிப்போய் புளோயர் அடிக்கிறான். சாம்பல் நிறத் தூசி பறக்கிறது, செத்த கரப்பான் ஒன்று வந்து விழுகிறது. திரும்பக் கொண்டுவந்து வைத்ததும் மெக்கானிக் விளக்கை இழுத்து கெபாசிட்டர்களின் தலையைப் பார்க்கிறார். உப்பலும் இல்லை, கசிவும் இல்லை. குனிந்து எஸ்எம்பிஎஸ்ஸை மோந்து பார்க்கிறார். கருகல் வாடை இல்லை. மதர்போர்டிலிருந்து 24 முள் பிளக்கை உருவி, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் சின்னக் கம்பியால் சேர்க்கிறார். எஸ்எம்பிஎஸ் தனியாக ஓடுகிறது. மீட்டரில் மஞ்சள் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3. மூன்றும் ஆடாமல் நிற்கின்றன. பிளக்கைத் திரும்பச் செருகுகிறார்.

முன்பக்கப் பட்டனை அமுக்குகிறார். ஃபேன் சுற்றுகிறது. நிற்கிறது.

“ராமைத் தொடைக்கட்டுமாண்ணா?” பையன் கையில் அதற்குள் அழிரப்பர். ராமின் பொன்முலாம் பூசிய பற்களை ரப்பரால் தேய்த்தே இந்தத் தெருவில் எத்தனையோ மெஷின்கள் எழுந்திருக்கின்றன. ஆனால் மெக்கானிக் ஒரு விரலைத் தூக்குகிறார். பொறு.

ஒயரைப் பிடுங்கிச் சற்றுப் பொறுத்து மறுபடி செருகி, பட்டனை அமுக்குகிறார். இந்தத் தடவை கண் பெட்டியில் இல்லை, சுவரில். உதடு அசைகிறது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நின்றது. ஹீட் சிங்க்கில் விரல் வைக்கிறார். சில்லென்று இருக்கிறது போல. இன்னொரு தடவை. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நின்றது.

“சூட்டுல கட் ஆனா எப்படிடா ஆகும்?” பையனிடம் கேட்கிறார்.

“மொதல்ல கொஞ்சம் ஜாஸ்தி ஓடும். போகப் போகக் கம்மியாகும்.”

“ஷார்ட்டா இருந்தா?”

“ஃபேன் ஒரு துடி துடிச்சு அப்படியே நின்னுடும்.”

“இது?”

பையன் யோசிக்கிறான். அவர் சொல்லிக்கொடுக்கவில்லை, காத்திருக்கிறார். எனக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது. ஊரில் பார்த்தவரும் சோதிக்காமல் விடவில்லை. ஒரு பாகத்தை மாற்றிப் பார்த்தார், சரியாகவில்லை என்றதும் அடுத்த பாகத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டார். இவர் எதையும் மாற்றவில்லை. பிசகாமல் நாலே வினாடியில் ஏன் நிற்கிறது என்று நின்ற விதத்தையே துருவுகிறார். ஒரு வீட்டின் பிழைப்பு அந்த மேசை மேல் இருக்கும்போது, தீர்ப்புச் சொல்வதற்கு முன் இவ்வளவு நேரம் கேட்டுப் பார்ப்பதுதான் நியாயம்.

“பட்டனை அமுக்கிப் பிடிச்சா…” பையன் இழுக்கிறான்.

“ம்.”

பழைய ஏடி பெட்டிகளில் சுவிட்சைத் தட்டினால் கரெண்டே அறுந்துவிடும். 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அமைப்பில் அப்படி இல்லை. பட்டன் போர்டுக்குச் சேதி மட்டும் சொல்கிறது, எழுப்புவதும் அணைப்பதும் போர்டின் பொறுப்பு. நாலு வினாடிக்கு மேல் பட்டன் அமுங்கியே இருந்தால், எந்த வேலை நடந்துகொண்டிருந்தாலும் போர்டு மின்சாரத்தை நிறுத்திவிடும். இந்தப் போர்டு பழுதாகவில்லை. யாரோ பட்டனை அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று நம்பி, தன் கடமையைச் செய்துகொண்டிருக்கிறது.

போர்டின் மூலையில் முன்பக்கத்து ஒயர்கள் வந்து சேரும் முள்வரிசை இருக்கிறது. அதில் பவர் சுவிட்சின் சின்னப் பிளக்கை உருவுகிறார். மானிட்டரை மாட்டுகிறார். வெறும் இரண்டு முள்ளையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு தொடு தொட்டு எடுக்கிறார். ஃபேன் சுற்றுகிறது. மூணு. நாலு. அஞ்சு. ஒரு சின்ன பீப். திரையில் வெள்ளை எழுத்து.

அந்த அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். “வந்துடுச்சா தம்பி?”

“இருங்கக்கா. தேதி தப்புன்னு சொல்லுது. அது செல்லு.” போர்டிலிருந்து நாணயம் மாதிரியான 2032 செல்லை நெம்பி மீட்டரில் வைக்கிறார். மூன்று வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 2.4. புதுசு போட்டு, தேதியும் நேரமும் சரிசெய்கிறார்.

பிறகு முன்பக்க பிளாஸ்டிக் முகப்பைக் கழற்றி விளக்கடியில் பிடிக்கிறார். பட்டன் ஒரு நூலளவு உள்ளே இறங்கியே இருக்கிறது. சுற்றியுள்ள இடுக்கில் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருக்கிறது, நடுவில் சிவப்புத் துகள். அமுக்கினால் உள்ளே போகிறது, திரும்ப மனமில்லாமல் மெல்ல வருகிறது.

“சந்தனமா அக்கா?”

அவர் கிட்டே வந்து பார்க்கிறார். “பட்டன் மேலதான் வச்சேன். தினம் மொதல்ல தொடுறது அதைத்தானே.”

மெக்கானிக் சிரிக்கவில்லை. “வைக்க வேண்டியதுதான். அடுத்த வருஷம் கொஞ்சம் மேல வச்சிடுங்க.” ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ்ஷை நனைத்து, பட்டனைக் கழற்றாமல் சுற்றிச் சுற்றித் தேய்க்கிறார். மஞ்சள் கரைந்து துணியில் இறங்குகிறது. துடைத்து, ஊதி, விரலால் தட்டிப் பார்க்கிறார். டிக், டிக் என்று துள்ளி வருகிறது. ஒயரை முள்ளில் மாட்டி, இப்போது பட்டனிலேயே போடுகிறார். நாலைத் தாண்டி விண்டோஸ் வரைக்கும் ஓடுகிறது.

பேஜ்மேக்கரைத் திறந்துபார்க்க வேண்டும் என்கிறார் அந்த அம்மா. தானே மவுஸைப் பிடித்து, ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திறக்கிறார். கொம்பும் காலும் சுழியும் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று வரி வரியாக விரல் ஓட்டிப் பார்க்கிறார். மாப்பிள்ளை வீட்டார் பெயர் வரைக்கும் பார்த்த பிறகுதான் மூடுகிறார்.

செக்கிங் சார்ஜும் செல் காசும் மட்டும் சொல்கிறார் மெக்கானிக். அந்த அம்மா பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, “அந்த ரெண்டு முள்ளு எதுன்னு காட்டு தம்பி” என்கிறார். பையன் காட்டுகிறான். போனில் படம் எடுக்கிறார், மங்கலாக வருகிறது. பையன் விளக்கைத் திருப்பிப் பிடிக்க, இன்னொரு படம். பக்கத்துக் கடை மெஷினும் ரொம்ப நாளாகத் தேதியைத் தப்பாகக் காட்டுகிறதாம், அதற்கும் சேர்த்து ஒரு செல் வாங்கிக்கொள்கிறார்.