பென்டிரைவில் ஓடிய ஸ்டூடியோ

திங்கள்

காலையிலேயே ஸ்டூடியோ அண்ணனிடமிருந்து போன். கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் பெரிய மிஷின் கிளம்பவில்லை. போய்ப் பார்த்தால் கறுப்புத் திரையில் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று ஒற்றை வரி.

“எல்லாம் போச்சா தம்பி?”

அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடக் கூடாத கேள்வி இது. ஆனால் அந்த வரி வருவதே நல்ல சேதி. மதர்போர்டு, ராம், டிஸ்ப்ளே கார்டு எல்லாம் உயிரோடிருந்தால்தான் அது வரும். பெட்டிக்கு ஒன்றுமில்லை, அதைக் கிளப்பிவிட ஆள் இல்லை, அவ்வளவுதான். விண்டோஸ் இருந்த எஸ்.எஸ்.டி. பயாஸ் பட்டியலில் ஒருமுறை வருகிறது, மறுமுறை காணோம்.

பழைய படங்களெல்லாம் தனி ஹார்டு டிஸ்கில். இந்த ஆவணி முகூர்த்தப் படங்கள் மட்டும் டெஸ்க்டாப்பில், அதாவது செத்துக்கொண்டிருக்கும் எஸ்.எஸ்.டி.யில். கண் முன்னால் இருக்கட்டும் என்று வைத்தாராம். எல்லாரும் அப்படித்தான் வைக்கிறார்கள்.

லினக்ஸ் போட்ட பென்டிரைவைச் செருகி, ஆன் செய்த கையோடு எஃப்12-ஐத் தட்டினேன். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் இதே விசைதான், எச்.பி.யில் எஃப்9, ஆசுஸ் போர்டுகளில் எஃப்8. வந்த மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு வரிகளில் நின்றது, ஒன்றின் முன்னால் மட்டும் ‘யு.இ.எஃப்.ஐ.’ என்று. புதிதாகத் தொழிலுக்கு வரும் பையன்கள் தடுமாறுவது இங்கேதான். பழைய முறையில் பயாஸ் டிஸ்கின் முதல் 512 பைட்டைப் படிக்கும். கடைசி இரண்டு பைட்டும் 55, ஏஏ என்று இருந்தால் அதை நம்பி ஓட்டும். புதிய முறையில் ஃபாட் பார்ட்டிஷனுக்குள் இ.எஃப்.ஐ. ஃபோல்டர், அதற்குள் பூட் ஃபோல்டர், அதற்குள் ‘பூட்எக்ஸ்64’ என்ற ஃபைலைத் தேடும். படத்தைக் காப்பி எடுக்க எந்த வரியானாலும் சரி. விண்டோஸ் போடும்போது மாற்றிக் கொடுத்தால் மட்டும், டிஸ்கின் வகை பொருந்தவில்லை என்று பாதியில் நின்றுவிடும்.

டெஸ்க்டாப் வந்தது. எல்லாம் ராமில் ஓடுகிறது. உள்ளிருக்கும் டிஸ்குகளை இன்னும் தொடவே இல்லை. ஹார்டு டிஸ்க் திறந்தது, எழுத மட்டும் விடவில்லை. விண்டோஸ் 8-இலிருந்து வந்த ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ செய்யும் வேலை: ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்துக்குத்தான் போகும். எனக்கு எடுக்கத்தானே வேண்டும், எழுத அல்ல. வெளி டிஸ்குக்குக் காப்பி போட்டேன்.

செவ்வாய்

எஸ்.எஸ்.டி.யை டி.டி.ரெஸ்க்யூவிடம் ஒப்படைத்தேன். படிக்க வருகிற இடங்களையெல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும்; முரண்டு பிடிப்பவற்றை மேப் ஃபைலில் குறித்துவைத்து அப்புறம் போய்த் தட்டும். சாகப்போகிற டிஸ்கைச் சாதாரண காப்பியில் போட்டு வதைப்பது பாவம். சாயங்காலம் தாலி கட்டும் படங்கள் திறந்தன. ரிசப்ஷனில் சில ஃபைல்கள் பாதிக்கு மேல் சாம்பல் நிறம். “அது சாப்பாட்டுப் பந்தி, பரவாயில்லை” என்றார் அண்ணன்.

புதன்

பக்கத்தில் நின்ற அவர் மருமகன் கேட்டான்: “மாமா பாஸ்வேர்டு போட்டிருந்தாரே, எப்படிண்ணே உள்ள போனீங்க?”

சரியான கேள்வி. பாஸ்வேர்டு கேட்பது விண்டோஸ். இங்கே விண்டோஸ் எழவே இல்லை, யார் கேட்பது? நான் படங்களை மீட்டது மாதிரியே, ராத்திரி கடைக்குள் புகுந்த எவனும் எடுத்துக்கொண்டு போகலாம். பயாஸுக்குப் பாஸ்வேர்டு வைத்தால் கொஞ்சம் தடுக்கும். டிஸ்கைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டினால் அதுவும் வீண். முழு டிஸ்கையும் பிட்லாக்கர் போன்ற ஒன்றால் பூட்டினால்தான் உண்டு. அதற்கு 48 இலக்க மீட்புச் சாவி. அது தொலைந்தால் என் பென்டிரைவும் கைவிரித்துவிடும்.

ஆடிட்டர் ஆபீஸாக இருந்தால் கண்டிப்பாகப் பூட்டச் சொல்லியிருப்பேன். அண்ணனுக்குச் சொல்லவில்லை. நம்பரைத் தினசரிக் காலண்டர் தாளில் எழுதுவார். மறுநாள் கிழித்துப் போடுவார். அவருக்குத் திருடனைவிடப் பெரிய ஆபத்து மறதி. இரண்டாவது காப்பி ஒன்று வீட்டில் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன்.

வியாழன்

கடையில் வேலையில்லை. பழைய சி.டி. உறைகளுக்குள் ஒரு நாப்பிக்ஸ் லினக்ஸ். ஜெர்மானியர் கிளாஸ் நாப்பர் 2000-இல் வெளியிட்டது. சுமார் 2 ஜி.பி. மென்பொருளைச் சுருக்கி 700 எம்.பி. சி.டி.க்குள் அடைத்திருந்தார். இன்ஸ்டால் செய்யாமலே ஒரு முழு இயங்குதளம் ஓடும் என்பதை என் வயதுக்காரர்கள் பலர் முதலில் பார்த்தது இதில்தான். சி.டி.யிலிருந்து பி.சி. கிளம்புவதற்கே ஃபீனிக்ஸும் ஐ.பி.எம்.மும் 1995-இல் ஒரு விதிமுறை எழுத வேண்டியிருந்தது. எல் டோரிட்டோ என்று பெயர். ஓட்டல் பெயராம்.

வெள்ளி

புது எஸ்.எஸ்.டி. மாட்டி விண்டோஸ் போட்டாயிற்று. பூட் வரிசையில் அதையே முதலில் வைத்துவிட்டு வந்தேன். வாடிக்கையாளர்கள் பாட்டுப் போட்ட பென்டிரைவைச் செருகியபடியே விட்டுப்போகிற கடை, யு.எஸ்.பி.யை முதலில் விட்டால் ஒருநாள் அதில் தேடிக்கொண்டு நிற்கும், மறுபடி எனக்குத்தான் போன் வரும். கிளம்பும்போது அண்ணன், “அந்தப் பென்டிரைவ் மாதிரி எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு” என்றார். நாளைக்குப் போட்டுத் தர வேண்டும். 8 ஜி.பி. போதும்.