ஆயத்தமான விளக்கு

வட்டக்கோட்டையின் மதில்மேல் நின்று நோக்குவோர்க்கு இருவேறு காட்சிகள் ஒருங்கே தென்படும். ஒருபுறம் கருமணல் படிந்த கரையும் ஓயாத கடலும். மறுபுறம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசிக் குன்றுகளும், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலைகளும். குளச்சல் போரில் 1741-ஆம் ஆண்டு திருவிதாங்கூரிடம் சரணடைந்து, பின்னர் அந்நாட்டின் படைத்தலைவராகவே உயர்ந்த டிலனாய் இக்கோட்டையை வலுப்படுத்தினார். நம் மண்ணின் மறைசாட்சி புனித தேவசகாயத்திற்கு விசுவாச ஒளியைக் காட்டியவரும் அவரே. தேவசகாயம் 1752-இல் உயிர் ஈந்த இடத்தின் பெயரோ காற்றாடிமலை. காற்று அத்துணை ஆழமாக இந்நிலத்தின் பெயரிலும் வாழ்விலும் கலந்திருக்கிறது.

அக்காற்றே நமக்கு மின்சாரத்தை ஈட்டித் தருகிறது. அக்காற்றே சில நாட்களில் அதனை நம்மிடமிருந்து பறித்தும் கொள்கிறது. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாளை நம் மாவட்டத்தில் மறந்தவர் யார்? மீனவராகிய புனித அந்திரேயாவின் திருநாளன்று ஒக்கிப் புயல் நம் கரையைத் தாக்கியது. வாழையும் ரப்பரும் வேரோடு சாய்ந்தன. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் முறிந்து விழுந்தன. அதனினும் கொடிது, புயல் வரும் செய்தி எட்டுமுன்னரே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்ட நம் சகோதரரின் நிலை. கரையில் நின்ற தாய்மாரும் மனைவியரும் ஒரு சொல்லுக்காக ஏங்கினர். பங்கு இல்லத்து வாயிலில் அன்றிரவு மூதாட்டி ஒருவர், "சாமி, யாரையாவது கூப்பிட்டுக் கேக்க முடியாதா? ஒரு தகவல் தெரிஞ்சாப் போதுமே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கைப்பேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக மௌனமாகிவிட்டன. இல்லத்தில் இருந்த இணையப் பெட்டியிலும் ஒளி இல்லை.

நாட்கள் சில கடந்த பின்னர், இத்துறையில் பணியாற்றும் பங்கு இளைஞர் ஒருவர் எங்கள் இணைப்பைச் சோதித்துப் பார்த்துக் கூறிய செய்தி என் உள்ளத்தில் தைத்தது. எங்கள் கம்பி அறுபடவே இல்லை. அப்பெட்டிக்கு ஊட்ட ஒரு சிறு மின்கலம் இருந்திருப்பின், அவ்விரவின் சில மணி நேரமேனும் அது பேசியிருக்கக்கூடும். கடலில் இருந்தவர்களை அது மீட்டிருக்காது என்பது மெய்யே. ஆயினும், கலங்கிய ஒரு தாய்க்கு மறுகரையிலிருந்து ஒரு குரலையேனும் அது கொணர்ந்திருக்கலாம்.

முன்னாளில் நம் இல்லங்களில் இருந்த தொலைபேசியை எண்ணிப் பாருங்கள். வீட்டு விளக்குகள் அனைத்தும் அணைந்த போதும் அது மணி அடித்ததன்றோ? காரணம் எளிது. தொலைபேசி நிலையத்தில் பெரிய மின்கலங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அங்கிருந்து 48 வோல்ட் மின்சாரம் செம்புக்கம்பி வழியாகவே ஒவ்வொரு வீட்டிற்கும் வந்தது. நமக்காக வேறொருவர் விளக்குக்கு எண்ணெய் வார்த்துக்கொண்டிருந்தார். நாம் அதனை அறியாமலே பேசினோம்.

இன்று நம் வீடுகளுக்கு வருவது பைபர் என்னும் மெல்லிய கண்ணாடி இழை. அதில் செல்வது மின்சாரம் அன்று, ஒளி. இவ்வகை இணைப்புகளில் அவ்வொளி 20 கிலோமீட்டர் வரை, இடையில் எவ்வித மின்சாரமும் இன்றியே செல்ல வல்லது. வழியிலே ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்தளிக்கும் பெட்டிகளுக்கும் மின்சாரம் வேண்டுவதில்லை. நிலையத்திலோ மின்கலமும் ஜெனரேட்டரும் உண்டு. ஆகவே இழை அறுபடாமலும் நிலையம் உயிரோடும் இருக்கும்வரை, நம் வாசல் மட்டும் செய்தி வந்து நிற்கிறது. வாசலைத் திறக்கும் பொறுப்போ நம்முடையதாகிவிட்டது. ஒளியை வாங்கும் பெட்டிக்கும் ரூட்டருக்கும் நாமே மின்சாரம் ஊட்ட வேண்டும்.

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. மின்கலத்தை உலகிற்கு அளித்தவர் இத்தாலி நாட்டுக் கோமோ நகரைச் சேர்ந்த அலெசாந்திரோ வோல்டா. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே 1745-ஆம் ஆண்டில் பிறந்தவர் அவர். உலோகத் தகடுகளையும் உப்புநீரில் தோய்த்த அட்டைகளையும் அடுக்கி 1800-இல் முதல் மின்கல அடுக்கைச் செய்துகாட்டினார். 1815-இல் தம் கத்தோலிக்க விசுவாசத்தை எழுத்திலேயே அறிக்கையிட்டார். நாம் சொல்லும் 'வோல்ட்' என்னும் அளவை அவர் பெயரே. மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க ஈய அமில மின்கலத்தைப் பிரெஞ்சு நாட்டுப் பிளாந்தே 1859-இல் கண்டறிந்தார். நமக்கு வேண்டியது அதன் சிறிய வடிவமே.

முதலில் உங்கள் இரு பெட்டிகளின் அடாப்டர்களில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் என்றிருக்கும். வேறு எண் இருப்பின் பின்வரும் முறை அப்படியே பொருந்தாது. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 12 வாட் உண்பதாகக் கொள்வோம். கடைகளில் கிடைக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள, தண்ணீர் ஊற்ற வேண்டாத மூடிய மின்கலம் ஒன்றில் 84 வாட்-மணி ஆற்றல் உண்டு. ஈய மின்கலத்தை அடிவரை வற்றவிட்டால் விரைவில் கெடும். பாதியையே நம்முடையது என்று கொள்வது விவேகம். வழியில் ஆகும் சிறு இழப்பையும் கழித்தால் மூன்று மணி நேரம் கிடைக்கும்.

அமைப்பு முறையும் கடினமன்று. 13.6 வோல்ட்டில் நிலைத்து நிற்கும், 2 ஆம்பியருக்கு மேல் தராத சார்ஜர் ஒன்றை மின்கலத்தோடு எப்பொழுதும் இணைத்து வையுங்கள். மின்கலத்தின் நேர்முனையில், ஒரு சாண் தூரத்திற்குள்ளாகவே 3 ஆம்பியர் பியூஸ் ஒன்று வேண்டும். அதன்பின், மின்னழுத்தம் 11 வோல்ட்டுக்குக் குறைந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் சிறு பலகையும், ஒரு சுவிட்சும் வரட்டும். இறுதியாக, உள்ளே வருவது 11 ஆயினும் 13.6 ஆயினும் வெளியே சரியாக 12 வோல்ட்டையே தரும் கன்வர்ட்டர் ஒன்றை வைத்து, அதிலிருந்து இரு பெட்டிகளுக்கும் கம்பி கொடுங்கள். வீட்டு மின்சாரம் நின்றாலும் இப்பெட்டிகள் அதனை உணர்வதே இல்லை. ஏனெனில் அவை எப்பொழுதும் மின்கலத்தின் மடியிலேயே இருக்கின்றன.

"வீட்டில் இன்வர்ட்டர் இருக்கிறதே" என்பீர்கள். அதுவும் நன்றே. ஆனால் அது மின்கலத்தின் மின்சாரத்தை 230 வோல்ட்டாக உயர்த்துகிறது. அடாப்டர் அதனை மீண்டும் 12 ஆக இறக்குகிறது. ஏறுவதிலும் இறங்குவதிலும் ஆற்றல் வீணாகிறது. விளக்கும் மின்விசிறியும் அதனை முன்னரே வற்றச் செய்துவிடும். செய்திக்கென்று ஒதுக்கி வைத்த சிறு கலத்தை வேறெவரும் தொடமாட்டார்.

எச்சரிக்கைகள் சில உண்டு. நேர்முனையும் எதிர்முனையும் மாறிவிட்டால் பெட்டிகள் ஒரு நொடியில் பாழாகும்; ஆகவே இணைக்குமுன் மீட்டர் வைத்துப் பார்த்தல் இன்றியமையாதது. மின்கலத்தைக் காற்றுப் புகாத தகரப் பெட்டியில் அடைக்கலாகாது. மின்னேற்றத்தின்போது எரியத்தக்க வாயு வெளிப்படக்கூடும். கட்டிலுக்கடியிலும் குழந்தைகள் கைக்கெட்டும் இடத்திலும் வைக்கலாகாது. நம் கடற்காற்றின் உப்பு முனைகளை அரிக்கும்; சிறிது வாசலின் தடவி வையுங்கள். வெப்பம் மின்கலத்தின் ஆயுளைக் குறைக்குமாதலால் அடுப்படியும் வெயில் படும் சன்னலோரமும் ஆகா. தேய்ந்த மின்கலத்தைக் குப்பையில் எறியாமல் கடைக்காரரிடமே ஒப்படையுங்கள். அதிலுள்ள ஈயம் நஞ்சு. லித்தியம் கலங்களைத் தனித்தனியே வாங்கி வீட்டில் கோப்பது தேர்ந்தவர்க்கே உரிய வேலை. இவற்றுள் எதிலும் ஐயமுள்ளவர்கள் ரூட்டருக்கென்றே கடையில் விற்கும் சிறு யூ.பி.எஸ். ஒன்றை வாங்கிக்கொள்வதே நலம்.

மூன்று மணி நேரம் போதுமா என்று சிலர் கேட்பர். இங்கே நம் முன்னோரின் பக்திமுறை ஒன்று கைகொடுக்கிறது. காலை, நண்பகல், மாலை என மூவேளையும் ஆலயமணி ஒலிக்க, கபிரியேல் தூதர் மரியன்னைக்குக் கொணர்ந்த மங்கள வார்த்தையை நாம் நினைவுகூர்கிறோம். அத்தூதரையே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1951-இல் தொலைத்தொடர்புத் துறையினருக்குப் பாதுகாவலராக அறிவித்தார். புயல் நாட்களில் பெட்டியை இடைவிடாது இயக்காமல், அம்மணி ஒலிக்கும் மூவேளையும் கால் மணி நேரம் மட்டும் சுவிட்சைப் போடுங்கள். மூன்று மணி நேரம் பன்னிரு முறைக்கு வரும். அதாவது நான்கு நாட்களுக்கு. எந்த வேளையில் அழைத்தால் குரல் கிடைக்கும் என்பது தொலைவில் இருப்போர்க்கும் தெரிந்திருக்கும்.

இம்முறை வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் பெருமழை மூழ்கடித்தபோது எங்கள் பகுதியிலும் மின்சாரம் நின்றது. பங்கு இளைஞர்கள் அமைத்துத் தந்த பெட்டி அன்று விழித்திருந்தது. வளைகுடா நாடொன்றில் மீன்பிடிப் படகில் வேலை செய்பவரின் மனைவி குடையோடு வந்து நின்றார். "அங்க அவரு டிவியில வெள்ளத்தப் பாத்துட்டு ஒறக்கமில்லாமக் கெடப்பாரு சாமி, நாங்க சுகமா இருக்கோம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார். சொன்னார். மறுமுனையில் அம்மனிதர் அழுத ஓசை திண்ணையில் நின்ற எங்கள் அனைவருக்கும் கேட்டது. ஒக்கியன்று கரை கடலுக்காக ஏங்கியது. அன்றோ கடல் கரைக்காக ஏங்கியது. அவருக்குப் பின்னே மேலும் பலர், ஆளுக்கு மூன்று நிமிடம் என்று தாமே வரையறுத்துக்கொண்டு வரிசையில் நின்றனர்.

பத்துக் கன்னியர் உவமையை நாம் நன்கறிவோம். முன்மதியுடையோர் எண்ணெயைக் கலயத்தில் எடுத்துச் சென்றனர். மற்றையோரோ நள்ளிரவில் கடை தேடி ஓடினர். அவ்வுவமையில் எண்ணெயைப் பகிர இயலவில்லை. ஒருவரது ஆயத்தத்தை மற்றவருக்குக் கடனாகக் கொடுக்க முடியாது என்பதே அதன் பாடம். ஆனால் ஏற்றிய விளக்கின் ஒளி ஒருவருக்கு மட்டும் உரியதன்றே! ஒரு வீட்டின் சிறு பெட்டியால் தெருவெல்லாம் பேச முடியும். அன்பியத்திற்கு ஒரு வீடேனும் இதனை அமைத்து, 'மின்சாரம் இல்லாத நாளில் இங்கே வாருங்கள்' என்று அண்டை வீட்டாருக்கு, அவர் எம்மதத்தினராயினும், முன்கூட்டியே சொல்லி வைத்தல் வேண்டும். முதியோர் தனித்திருக்கும் வீடுகளின் பட்டியலையும், மருத்துவமனை மற்றும் மீட்புப் பணியினரின் எண்களையும் காகிதத்தில் எழிதிலே தெரியும்படி எழுதி அப்பெட்டியின் அருகிலேயே ஒட்டி வையுங்கள்.

கம்பமே சாய்ந்து இழை அறுந்தால் இப்பெட்டியும் ஊமையே. அதனை மறைப்பது நேர்மையன்று. மனிதர் செய்யத்தக்கதைச் செய்துவிட்டு, எஞ்சியதை இறைவனின் கரத்தில் ஒப்படைப்பதே விசுவாசம். செய்யத்தக்கதையும் செய்யாமல் ஒப்படைப்பது சோம்பல்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இவ்வேலையை முடித்துவிடுங்கள். பின்னர் ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை வழிபாட்டிற்குச் செல்லுமுன், சுவரிலுள்ள பிளக்கைக் கழற்றிப் பெட்டி ஒளிர்கிறதா என்று பாருங்கள். ஒளிர்ந்தால் நன்றி கூறுங்கள். ஒளிராவிடில் அன்றே பழுது நீக்குங்கள்.