மணிக்கட்டுக்கு மிச்சம் வைத்த கல்

மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2017-ல். அந்தச் செய்தியைக் கத்தரித்து ஒரு நோட்டுக்குள் வைத்திருந்தேன். போன மாதம் அலமாரியை ஒழித்தபோது அது மறுபடி கையில் கிடைத்தது. ஊருக்குப் பெயர் வந்தது சரி, உளி பிடிக்கிறவருக்கு என்ன வந்தது? செங்கல்பட்டில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் தோழியிடம் கேட்டேன். "எனக்குத் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் இருக்கார், வா" என்றாள். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பேருந்தில் ஏறினோம்.

தன் பெயரை எழுத வேண்டாம் என்று பெரியவர் முதலிலேயே சொல்லிவிட்டார். பட்டறைக்குள் நுழையும் முன்பே எங்களைத் திருப்பியும் அனுப்பினார். "மொதல்ல தபசுப் பாறையப் பாத்துட்டு வாங்கம்மா. சாமிங்கள விட்டுடுங்க. மத்ததப் பாருங்க."

அர்ச்சுனன் தபசை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தவம் செய்பவர் அர்ச்சுனனா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதனா என்ற விவாதத்தையும் படித்திருக்கிறேன். அன்றுதான் அவர் சொன்னபடி பார்த்தேன். இரண்டு பாறைகளுக்கு நடுவே உள்ள பிளவை ஆறாக ஆக்கியிருக்கிறார்கள். அதன் கரையில் ஒருவர் குளித்துவிட்டு ஈரத் துணியை முறுக்கிப் பிழிகிறார். இன்னொருவர் தோளில் தண்ணீர்க் குடம். ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிகிறது. பெரிய யானையின் காலடியில் குட்டிகள். பக்கத்திலேயே ஒரு பூனை இரண்டு கையையும் தூக்கித் தவம் செய்ய, எலிகள் அதைச் சுற்றி நிற்கின்றன. பாறைக்கு அருகில் தனிச் சிற்பமாக ஒரு குரங்குக் குடும்பம்: ஆண் பேன் பார்க்கிறது, பெண் குட்டிக்குப் பால் கொடுக்கிறது.

சில அடி தள்ளிக் கிருஷ்ண மண்டபம். மலையைத் தூக்கிப் பிடித்த கண்ணனை விட்டுவிட்டு ஓரத்துக்குப் போனேன். ஒருவர் பால் கறக்கிறார். பசு கன்றை நக்குகிறது. கறக்கிறவரின் முழங்கால் மடிந்திருக்கும் விதத்தையும், நக்குவதற்காகத் திரும்பிய பசுவின் கழுத்தையும் எந்தச் சாஸ்திரமும் அந்தச் சிற்பிக்குச் சொல்லித் தந்திருக்காது. விடியற்காலையில் தன் வீட்டுத் தொழுவத்தில் அவர் பார்த்திருக்க வேண்டும். ஏழாம் நூற்றாண்டின் ஒரு சாதாரணக் காலை நேரம் அந்தப் பாறையில் அப்படியே இருக்கிறது.

திரும்பி வந்தபோது பெரியவர் உலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஐந்து ரதம் போகும் சாலையில் பட்டறை. மேலே தகரக் கொட்டகை, தரையெங்கும் கற்சில்லு. வெளியே இளைஞர்கள் இருவர் மெஷினில் கல்லை அறுத்துக்கொண்டிருந்தார்கள். சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. பெரியவர் சில கற்களைச் சுத்தியால் தட்டிக் காட்டினார். மணிபோல ஒலித்தால் ஆண்கல், தாளம்போல ஒலித்தால் பெண்கல், சத்தமே எழும்பாவிட்டால் சிலைக்கு ஆகாத அலிக்கல் என்றார். மூன்றையும் என் காதால் பிரித்தறிய முடியவில்லை. அளவுக் கணக்கையும் சொன்னார். உத்தம தசதாலம் என்றால் உருவத்தின் உயரத்தை 124 பங்காகப் பிரித்து முகம், கழுத்து, மார்பு என்று காவியால் கோடிடுவார்கள். மெருகேற்றும் வேலைக்கு நான் நிற்கவில்லை. உலை என்னை இழுத்துவிட்டது.

உளியின் முனை மழுங்கினால் அதைக் கரி நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, பட்டடைக் கல்லில் வைத்துத் தட்டிக் கூராக்குகிறார். பிறகு முனையை மட்டும் தண்ணீரில் தோய்த்து எடுக்கிறார். உடம்பில் தங்கிய சூடு மெல்ல முனைக்கு நகர்கிறது. அது நகரும்போது இரும்பின் மேல் நிறங்கள் ஓடுகின்றன. "மொதல்ல வைக்கோல் நிறம். அப்புறம் பழுப்பு. அப்புறம் கத்தரிப்பூ. அதுக்கு அப்பால நீலம்" என்று எனக்காக எண்ணிச் சொன்னார். எந்த நிறத்தில் உளியை முழுசாகத் தண்ணீரில் இறக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முந்திவிட்டால் முனை கல்லில் பட்டுத் தெறித்துப் போகும். நீலம் வரை விட்டுவிட்டால் வளைந்துவிடும். கார்பைடு முனை வைத்த உளிகள் கடையில் கிடைக்கின்றன. பெரிய வேலைக்கு அவரும் அவற்றையே எடுக்கிறார். விரல், இமை, உதடு என்று வந்தால் மட்டும் தானே காய்ச்சிய உளிதான். வைக்கோலும் கத்தரிப்பூவும் தெரிந்த கண்ணுக்கு வேறு அளவுகோல் தேவைப்படவில்லை.

அவர் அப்பா அம்மி, ஆட்டுக்கல், உரல் செய்தவர். தெருத் தெருவாகப் போய்த் தேய்ந்த அம்மிகளைக் கொத்தித் தருவார். எட்டு வயதில் மகன் கையில் உளி வந்தது, அம்மி கொத்தத்தான். "புள்ளிக்குப் புள்ளி ஒரே ஆழம் இருக்கணும். ஒண்ணு ஆழமாப் போனா மிளகாய் அதுல போய் உக்காந்துக்கும். மசியலன்னா அந்த வூட்டு அம்மா திட்டும். அதான் எனக்குப் பரீட்சை." மிக்ஸியும் கிரைண்டரும் வீட்டுக்கு வீடு வந்தபின் அப்பாவின் தொழில் படுத்துவிட்டது. 1957-ல் இங்கே தொடங்கிய அரசு சிற்பப் பயிற்சி நிலையம் பிறகு கல்லூரியாக வளர்ந்தது. அவருக்கு அங்கே படிக்க வாய்க்கவில்லை. ஒரு ஸ்தபதியிடம் எடுபிடியாகச் சேர்ந்து, கோயில் திருப்பணிகளுக்காக ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொண்டார். யாளியும் தூணும் எத்தனை செதுக்கியிருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை.

இப்போது வருகிற வேலை வேறு மாதிரி. இடைத்தரகர் போனில் ஒரு படத்தைக் காட்டுகிறார். "இதே மாதிரி பத்து." புத்தர் தலை, பிள்ளையார், நீர் ஊற்றுக்கு ஒரு மீன். கல் விலையும் பிளேடு செலவும் செய்கிறவர் தலையில். முன்பணம் கொடுத்து அவரைக் கட்டிப்போடுகிறார்கள். கடைசி நாளில் மூக்கு நுனி தெறித்தால் அந்த நஷ்டமும் அவருக்கே. இரண்டு மாத உழைப்பில் உருவான ஒரு நந்தி என்ன விலைக்குப் போனது, எந்த ஊரில் நிற்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது.

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். விற்பதும் ஒரு வேலைதான். அதற்குக் கூலி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் செய்தவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே நின்று ஒருவரை மற்றவர் பார்க்க முடியாதபடி மறைப்பது விற்பனை ஆகாது, அது திருட்டு. 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி, குறியீடு ஊருக்குக் கிடைத்தால் மட்டும் போதாது. அதைப் பயன்படுத்த ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இந்தப் பட்டறைக்கு வந்து அதைச் சொன்னவர் யாருமில்லை. வெளியே கல் அறுக்கும் இளைஞர்களின் முகத்தில் ஒரு கைக்குட்டை மட்டும்தான் இருந்தது. அந்தத் தூசு நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் வரும், குணமாகாத நோய். தண்ணீர் விட்டு அறுத்தால் தூசு பெருமளவு அடங்கும். குழாய்க்கும் தொட்டிக்கும் ஆகும் செலவைச் சரக்கு எடுப்பவர் ஏன் ஏற்கக்கூடாது? பத்து புத்தர் தலைகளின் விலையில் அது எந்த மூலைக்கு?

மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் நொண்டி வீரப்பன் தொட்டி என்று ஒரு பாறை உண்டு. பல்லவர் காலச் சிற்பிகளுடையவை என்று கருதப்படும் பெயர்கள் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கூடவே கொல்லன் சேமகன். உளி காய்ச்சியவர் பெயரும் கல்லில் ஏறியிருக்கிறது. அதை நான் சொன்னதும் பெரியவர் வெகுநேரம் உலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொல்லன் பேரு கூடவா?" என்று மறுபடி கேட்டார்.

சாயங்காலம் மெஷின் நின்றதும் பட்டறையின் பின்பக்கம் கூட்டிப்போனார். சாக்கை விலக்கினார். ஒன்றரை அடி உயரக் கல்லில் பாதி எழும்பிய உருவம். காலை நீட்டி உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைக்கிற ஒரு பெண். யாரும் ஆர்டர் கொடுக்காதது. உடைந்துபோன ஒரு தூணின் மிச்சக் கல். வேலை முடிந்தபின், வெளிச்சம் இருக்கிறவரை கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறார். "அந்தப் பசு மாட்டப் பாத்தீங்க இல்ல? அவன் வூட்டு மாடு. எனக்கு மாடு இல்ல. எங்க வூட்டுல இதான் நெதம் பாக்குறது."

அவர் மனைவி பித்தளைத் தூக்கில் டீ கொண்டுவந்தார். எங்களுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சிற்பத்தைச் சுற்றி வந்து பார்த்தார். அதை அவர் பார்ப்பது முதல்முறை இல்லை போலும். நேராகக் கையில் விரலை வைத்தார்.

"மணிக்கட்டு இவ்ளோ வெறப்பா நின்னா எப்படி? அரிசி கீழ கொட்டிடும்."

"சரியாத்தான் இருக்கு."

"புடைக்கிறது நானா, நீங்களா?"

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கையில் முறம் இல்லை. இருந்தாலும் காற்றில் பிடித்துக் காட்டினார். கட்டைவிரல் விளிம்பின் மேல். மற்ற விரல்கள் அடியில். மணிக்கட்டு முதலில் தளர்ந்து தாழ்கிறது, பிறகு சட்டென்று எழும்புகிறது. என் அம்மா செய்வதை ஆயிரம் தடவை பார்த்திருந்தும் அந்தத் தாழ்வு என் கண்ணில் பட்டதே இல்லை. பெரியவர் குனிந்து உற்றுப் பார்த்தார். "இன்னொரு வாட்டி" என்றார். மனைவி மறுபடி புடைத்தார். "இன்னொரு வாட்டி."

கல்லில் எடுக்கத்தான் முடியும், திருப்பிச் சேர்க்க முடியாது. இனி மாற்ற முடியுமா என்று கவலையோடு கேட்டேன். மணிக்கட்டைச் சுற்றி இன்னும் ஒரு விரல் தடிமனுக்குக் கல்லை விட்டுவைத்திருந்தார். "இவ எதனா சொல்லுவான்னு தெரியும்மா" என்றார். காவிக்கட்டியை எடுத்துப் பழைய கோட்டுக்குக் கீழே, தாழ்ந்த மணிக்கட்டுக்குப் புதுக்கோடு போட்டார். வெளிச்சம் போய்விட்டது. பெட்டியில் துழாவி மெல்லிய உளி ஒன்றை எடுத்து, முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, காலையில் காய்ச்சுவதற்காக உலையின் பக்கத்தில் வைத்தார்.